ஆரஞ்சு பட்டனில் வெள்ளை எழுத்து: எந்த நிறம், எந்த நிலை?

கேள்வி சுருக்கமாக இது: "சிறிய குழுவாகக் கட்டணம் செலுத்தும் வலைத்தளம் ஒன்றைச் செய்கிறோம். நிறுவனத்தின் நிறம் ஆரஞ்சு (சிவப்பு 245, பச்சை 124, நீலம் 0). பட்டனில் வெள்ளை எழுத்து வைத்திருக்கிறோம். சோதனைக் கருவி கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) போதாது என்கிறது. ஆரஞ்சைக் கைவிட நிறுவனம் சம்மதிக்காது. விசைப்பலகையால் பட்டனை அடையும்போது அதைச் சுற்றித் தெரியும் ஃபோகஸ் வளையம் அசிங்கமாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டோம். ஹோவர் (மவுஸ் அம்பு மேலே நிற்கும்போது), ஃபோகஸ், டிசேபிள்டு (அழுத்த முடியாதபோது) நிலைகளுக்கு என்ன நிறம் வைக்கலாம்?"

ஆரஞ்சைக் கைவிட வேண்டியதில்லை. வெள்ளை எழுத்தை விட்டாலோ, பட்டனில் மட்டும் ஆரஞ்சைக் கருக்கினாலோ போதும். எடுத்துவிட்ட ஃபோகஸ் வளையத்தை மட்டும் இன்றைக்கே திரும்ப வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் கணக்கு. வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி வெளியிடும் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டியில், சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள 21:1 தான் உச்சம். உங்கள் ஆரஞ்சில் வெள்ளை எழுத்து வெறும் 2.7 வருகிறது. அதே ஆரஞ்சின் மேல் கிட்டத்தட்டக் கறுப்பான எழுத்து (33, 33, 33) வைத்தால் ஏறக்குறைய 6 வருகிறது. நிறுவனத்தின் நிறம் ஒரு துளிகூட மாறவில்லை, ஆனால் எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

ஏன் இப்படி? கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பிரகாசமாகப் பார்ப்பதில்லை. ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று எடை போடுகிறார்கள். அதனால் சுத்த நீலத்தில் வெள்ளை எழுத்து 8.6 வரை போகும், சுத்த சிவப்பில் 4 தான் வரும். சிவப்போடு பச்சையும் சேர்ந்தால்தான் ஆரஞ்சும் மஞ்சளும் கிடைக்கும். அந்தப் பச்சை ஒளிர்வைக் கூட்டிவிடுவதால், அவை நாம் நினைப்பதைவிட வெள்ளைக்கு நெருக்கமாகப் போய்விடுகின்றன.

இதில் உங்கள் வடிவமைப்பாளர் கட்டாயம் ஒன்று சொல்வார்: "கண்ணால் பார்த்தால் ஆரஞ்சில் வெள்ளைதான் நன்றாகத் தெரிகிறது." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல பார்வை உள்ள பலர் நடுத்தர ஆரஞ்சில் கறுப்பைவிட வெள்ளையையே எளிதாக வாசிப்பதாகச் சொல்கிறார்கள். இப்போதைய கணக்குமுறையின் பலவீனமாக இதையே பலரும் சுட்டிக்காட்டுகிறார்கள். மாற்றாக ஏபிசிஏ என்று ஒரு கணக்குமுறையும் பேசப்படுகிறது. ஆனால் இன்றைக்கு நடைமுறையில் உள்ள தரம் பழைய கணக்குதான், அது அப்படி இருப்பதற்கும் காரணம் உண்டு. 3:1 என்பது சாதாரணப் பார்வைக்குப் போதும் என்று கொண்டு, பார்வை 20/40 அளவுக்குக் குறைந்தவருக்கு ஒன்றரை மடங்கு கூட்டித்தான் 4.5 வந்தது. நன்றாகப் பார்ப்பவருக்கு எது பிடிக்கிறது என்பதைவிட, சரியாகப் பார்க்க முடியாதவருக்கு எது கைகொடுக்கும் என்பதே இங்கே பெரிது. இந்தச் சண்டையில் சிக்க விருப்பமில்லையா? ஆரஞ்சையே கருக்கிவிடுங்கள். (180, 80, 0) என்ற செங்கல் சாயல் ஆரஞ்சில் வெள்ளை எழுத்து 5.1 தரும், எந்தக் கணக்கில் பார்த்தாலும் வாசிக்க முடியும். லோகோவிலும் பட்டையிலும் பழைய ஆரஞ்சு இருக்கட்டும், பட்டனுக்கு மட்டும் அதன் மூத்த அண்ணனை வையுங்கள். என்னைக் கேட்டால் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்த சமயம் அது. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து போனில் ஒரு கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லா விவரத்தையும் சரியாக நிரப்பிவிட்டு அப்படியே காத்திருந்தார். என்னப்பா என்று கேட்டேன். "பட்டன் இன்னும் வரலைடா, வெளுத்துக் கிடக்கு" என்றார். பட்டன் தயாராகத்தான் இருந்தது. வெளிர் ஆரஞ்சில் வெள்ளை எழுத்து. கண்புரை உள்ள கண்ணில் ஒளி சிதறி எல்லாவற்றின் மேலும் ஒரு மூட்டம் படரும், வெயில் திரையில் பட்டுத் திரும்பும்போதும் அதேதான் நடக்கும். இரண்டும் சேர்ந்ததும், உயிரோடு இருந்த பட்டன் அவருக்கு டிசேபிள்டு பட்டனாகத் தெரிந்தது. நான் சொன்னதும் அழுத்தினார். திரையில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி அழுத்தினார். பணம் இரண்டு முறை போனது. திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் தன் மேல்தான் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டனின் நிலைகளை நான் இந்த நிகழ்வை வைத்தே யோசிக்கிறேன். ஒவ்வொரு நிலையும் அழுத்த வருபவரின் ஒரு கேள்விக்குப் பதில். இதை அழுத்தலாமா? நான் இப்போது எங்கே நிற்கிறேன்? நான் அழுத்தியது பட்டதா? வேலை நடக்கிறதா, முடிந்ததா? நிறத்தை முழுதாக எடுத்துவிட்டாலும் இந்தப் பதில்கள் கிடைக்க வேண்டும்.

ஹோவரிலிருந்து தொடங்கலாம், அதுதான் எளிது. வெள்ளை எழுத்துப் பட்டன் என்றால் ஹோவரில் இன்னும் கருக்கிக்கொண்டே போங்கள். சாதாரண நிலை (180, 80, 0), ஹோவர் (150, 64, 0), அழுத்தும்போது (120, 50, 0). கான்ட்ராஸ்ட் 5.1, 6.9, 9.3 என்று ஏறும். எந்த இடத்திலும் எல்லைக்குக் கீழே இறங்காது. பலரும் இங்கே ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 0.8 ஆக்கி வேலையை முடித்துவிடுவார்கள். வெள்ளைப் பக்கத்தில் அப்படிச் செய்தால் அதே பட்டனின் 5.1 சட்டென்று 3.6-க்கு விழும். அதாவது ஒருவர் பட்டனை நெருங்கி வாசிக்கும் அந்த நொடியில்தான் எழுத்து மங்குகிறது. கருமையான எழுத்து வைத்த ஆரஞ்சுப் பட்டன் என்றால் திசையை மாற்றுங்கள், ஹோவரில் ஆரஞ்சு வெளுக்க வேண்டும்.

சாதாரண நிறத்துக்கும் ஹோவர் நிறத்துக்கும் இடையே 3:1 வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், விதி அதைக் கேட்கவில்லை. மவுஸ் அம்பே அங்கு நிற்கிறது, அதுவே அடையாளம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தொடுதிரையில் ஹோவர் கிடையாது. விரலை எடுத்த பிறகும் ஹோவர் நிறம் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பல போன்களில் பார்க்கலாம். ஹோவர் விதிகளை 'ஹோவர்: ஹோவர்' என்ற மீடியா குவெரிக்குள் (மவுஸ் போன்ற கருவி இருந்தால் மட்டும் விதியை இயக்கும் நிபந்தனை) அடைத்துவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும். முக்கியமான எந்தத் தகவலையும் ஹோவரில் மட்டும் ஒளித்து வைக்காதீர்கள்.

அடுத்து ஃபோகஸ். இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

விசைப்பலகையில் டேப் அடித்து நகர்பவருக்கு ஃபோகஸ் வளையம்தான் மவுஸ் அம்பு. கை நடுக்கம் உள்ளவர், மவுஸ் பிடிக்க முடியாதவர், ஓரிரு பொத்தான் மட்டும் உள்ள ஸ்விட்ச் கருவியால் கணினியை இயக்குபவர் எல்லோரும் அதை நம்பித்தான் பக்கத்தில் நடக்கிறார்கள். 'அவுட்லைன்: நன்' (வளையம் வேண்டாம்) என்று ஒரு வரி எழுதினால், அவர்கள் திரையிலிருந்து அம்பைப் பிடுங்கிவிட்டோம் என்று அர்த்தம். "மவுஸில் கிளிக் செய்தாலும் வளையம் வருகிறது" என்பதுதான் அந்த வரி பரவியதற்குப் பெரிய காரணம். இப்போது அந்தக் காரணமே இல்லை. ஃபோகஸ்-விசிபிள் என்ற செலக்டர் குரோமில் 2020-லும், ஃபயர்ஃபாக்ஸில் 2021-லும், சஃபாரியில் 2022-லும் வந்துவிட்டது. பட்டனை விசைப்பலகையால் அடையும்போது மட்டும் வளையத்தைக் காட்டும், மவுஸில் அழுத்தினால் காட்டாது. உங்கள் 'அசிங்கம்' என்ற குறை இதிலேயே தீர்ந்துவிடும்.

வளையத்துக்கு என்ன நிறம்? ஒரே நிறம் எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தாது. வெள்ளைப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும் கருநீலம், அடியில் உள்ள கறுப்பு ஃபூட்டரில் காணாமல் போகும். அதனால் இரண்டு நிறம் வையுங்கள். பட்டனை ஒட்டி 2 பிக்சல் வெள்ளை, அதற்கு வெளியே 3 பிக்சல் கருநீலம். வெளிர் பின்னணியில் நீலம் தெரியும், கரும் பின்னணியில் வெள்ளை தெரியும். எழுதும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீல வளையத்தை அவுட்லைனாக எழுதி, அவுட்லைன்-ஆஃப்செட் 2 பிக்சல் கொடுங்கள். இடையில் உள்ள வெள்ளையை பாக்ஸ்-ஷேடோவால் (நிழல் வரையும் பண்பு) நிரப்புங்கள். இரண்டையுமே பாக்ஸ்-ஷேடோவில் எழுதினால் விண்டோஸின் கான்ட்ராஸ்ட் தீம்களில் வளையம் முழுவதும் மறைந்துவிடும். அந்தத் தீம்களில் பிரவுசர் நம் பின்னணி நிறங்களையும் நிழல்களையும் தூக்கிவிட்டு, பயனர் தேர்ந்தெடுத்த நிறங்களை வைக்கும். அவுட்லைனும் பார்டரும் அங்கே தப்பிக்கும். இதே காரணத்துக்காகத்தான் பார்டர் தேவையில்லாத பட்டனுக்குக்கூட 2 பிக்சல் ஒளிபுகும் பார்டர் கொடுக்கச் சொல்கிறேன். சாதாரணமாகப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்ட் தீம் போட்டவருக்கு அது ஒரு கோடாக எழுந்து, "இது பட்டன்" என்று சொல்லும்.

இதற்கு நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்பைப் பாருங்கள். 2019-லிருந்து அவர்களின் ஃபோகஸ் நிறம் பளீர் மஞ்சள் (255, 221, 0). வெள்ளைப் பக்கத்தில் மஞ்சள் தனியாக நின்றால் 1.35 தான், ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. அதனால் மஞ்சளோடு ஒரு கெட்டியான கறுப்புக் கோட்டையும் சேர்த்தே வைத்தார்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 14-க்கு மேல். மஞ்சள் கண்ணை இழுக்கிறது, கறுப்பு வடிவத்தைக் காட்டுகிறது. வேலையை இரண்டு நிறங்களுக்குப் பிரித்துக் கொடுத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் ஆரஞ்சும் மஞ்சளைப் போல வெளிச்சமான நிறம் என்பதால் உங்களுக்கு அது நேரடியாகவே பயன்படும்.

2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: ஃபோகஸ் பெற்ற பட்டனை வேறு எதுவும் முழுதாக மறைக்கக் கூடாது. மேலே ஒட்டி நிற்கும் தலைப்புப் பட்டையும், கீழே வரும் குக்கி அறிவிப்பும்தான் இதில் பெரிய குற்றவாளிகள். டேப் அடித்துப் பாருங்கள், வளையம் அவற்றுக்கு அடியில் போய் ஒளிந்தால் ஸ்க்ரோல்-பேடிங் கொடுத்துச் சரிசெய்யலாம். அதே பதிப்பில்தான் பட்டனின் அளவு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் என்றும் வந்தது. அது அடிமட்டம். பணம் கட்டும் பட்டனுக்கு 44-க்குக் கீழே போகாதீர்கள்.

சரி, டிசேபிள்டு. விதிப்படி பார்த்தால் செயலில் இல்லாத பட்டனுக்குக் கான்ட்ராஸ்ட் விலக்கு உண்டு, எவ்வளவு வெளுத்தாலும் தவறில்லை. ஆனால் டிசேபிள்டு பட்டனே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் அழுத்த முடியவில்லை என்று அது சொல்லாது. டேப் வரிசையிலிருந்தும் காணாமல் போய்விடுவதால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடு டேப் அடித்து வருபவருக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாமல் போகலாம். கவ்.யூகே வழிகாட்டியும் முடிந்தவரை அதைத் தவிர்க்கவே சொல்கிறது. பட்டன் எப்போதும் உயிரோடு இருக்கட்டும். ஏதாவது விடுபட்டிருந்தால், அழுத்தியதும் "கைபேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும்" என்று அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஃபோகஸை அங்கே கொண்டுபோங்கள். வேறு வழியே இல்லை என்றால் டிசேபிள்டு பண்புக்குப் பதில் ஏரியா-டிசேபிள்டு பயன்படுத்தலாம். பட்டன் டேப்பில் கிடைக்கும், "இப்போது செயல்படாது" என்று ஸ்கிரீன் ரீடரும் படிக்கும். ஆனால் அது கிளிக்கைத் தடுக்காது, அதை நீங்கள்தான் ஜாவாஸ்கிரிப்டில் தடுக்க வேண்டும். நிறத்திலும் கொஞ்சம் கருணை காட்டுங்கள். வெள்ளையில் சாம்பல் எழுத்து (118, 118, 118) இருந்தால் 4.54, அதற்கு ஒரு படி மேலே 119 போனாலே 4.48. இந்தக் கணக்கில் தோராயமாக்கும் சலுகை கிடையாது, 4.48 தோல்விதான். டிசேபிள்டுக்கு விலக்கு இருந்தாலும் நான் 118-ஐத் தாண்டுவதில்லை. பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவாவது முடியட்டும்.

லோடிங் நிலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கட்டணத் தளம் என்பதால் நானே சொல்கிறேன், ஏனென்றால் அப்பாவின் பணம் இங்கேதான் இரண்டு முறை போனது. அழுத்திய உடனே பட்டனின் எழுத்தே மாற வேண்டும்: "கட்டணம் செலுத்து" என்பது "செலுத்தப்படுகிறது, காத்திருங்கள்" என்று ஆகட்டும். சுற்றும் வட்டம் மட்டும் போதாது. பட்டனின் அகலம் மாறாமல் இருக்கட்டும், மாறினால் பக்கம் குதிக்கும். நிறத்தை வெளுக்காதீர்கள். இரண்டாவது கிளிக்கை உள்ளே தடுத்துவிடுங்கள், சர்வர் பக்கத்திலும் ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் அடையாளம் காணும்படி செய்யுங்கள். நடப்பதை ஸ்டேட்டஸ் ரோல் உள்ள ஒரு பகுதியில் எழுதினால் ஸ்கிரீன் ரீடரும் வாசித்துச் சொல்லும். அசைவு சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். அப்படிப்பட்டவர்கள் தங்கள் கருவியில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருந்தால், சுற்றும் வட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

'ரத்து செய்' பட்டனுக்குச் சிவப்பும் 'உறுதி செய்' பட்டனுக்குப் பச்சையும் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற மக்களிடம் அளவு கொஞ்சம் மாறலாம், ஆனாலும் எங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு உங்கள் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும் ஒரே மாதிரியான பழுப்பாகத் தெரியக்கூடும். ஒன்றை நிரப்பிய பட்டனாகவும் மற்றதை வெறும் கோட்டுப் பட்டனாகவும் வையுங்கள். கோட்டின் நிறத்துக்குப் பக்கத்தோடு 3:1 இருக்க வேண்டும். பட்டனில் 'ஆம்', 'இல்லை' என்று எழுதாமல் வினையையே எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளியும் விடுங்கள்.

தளம் தமிழிலும் இருக்கும் என்றால், மேலே சொன்ன எண்களோடு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் எழுத்தில் புள்ளி மிகச் சிறியது. மங்கலான நிறத்தில் முதலில் மறைவது அதுதான். எகர ஏகாரத்தைப் பிரிக்கும் சிறு கோடும் அப்படியே. சரி, போல்டு ஆக்கிவிடலாம் என்றால் சிறிய அளவில் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 24 பிக்சலோ, போல்டு என்றால் ஏறக்குறைய 19 பிக்சலோ இருந்தால் 3:1 போதும் என்று விதியில் ஒரு சலுகை உண்டு. தமிழ்ப் பட்டனில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை, எந்த அளவானாலும் 4.5-ஐ வைத்துக்கொள்கிறேன். எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல், மீடியம் தடிமனில் இருக்கட்டும். அப்புறம், பட்டனுக்கு நிலையான அகலமும் உயரமும் கொடுக்காதீர்கள், பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் "சமர்ப்பிக்கவும்" என்று நீளும், 200 சதவீதம் பெரிதாக்கினால் இரண்டு வரியாக மடியும். மடியட்டும். வெட்டுப்படாமல் இருந்தால் போதும்.

இந்தத் தவறுகள் உங்கள் குழுவுக்கு மட்டும் உரியவை இல்லை. பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் அமைப்பின் 2024 கணக்கில், 81 சதவீதப் பக்கங்களில் மங்கலான எழுத்து இருந்தது. தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் பூட்ஸ்ட்ராப் என்ற தயார் தொகுப்பின் நான்காம் பதிப்பு நீலத்தில்கூட வெள்ளை எழுத்து 3.98 தான். 2021-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் நீலத்தைக் கொஞ்சம் கருக்கி 4.5-க்குக் கொண்டுவந்தார்கள். பழைய பதிப்பை வைத்துக் கட்டிய பக்கங்கள் உங்களிடம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குரோமின் டெவ்டூல்ஸில் நிறத்தைத் தொட்டாலே விகிதம் தெரியும். அதிலேயே ரெண்டரிங் பகுதியில் நிறக்குறைபாடு உள்ளவரின் பார்வை, மங்கிய பார்வை, விண்டோஸ் கான்ட்ராஸ்ட் தீம் எல்லாவற்றையும் போலியாகப் பார்க்கலாம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளை மட்டும் வைத்து ஒரு கட்டணத்தை முடித்துப் பாருங்கள். பிறகு திரையைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றி, பட்டனின் எல்லா நிலைகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்து, எது எந்த நிலை என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். கடைசியாகப் போனின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் வாசலுக்குப் போங்கள். முடிந்தால் வீட்டில் வயதானவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதையும் சொல்லிக்கொடுக்காமல் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.